கட்டைவிரலுக்கு நசுங்கும் சாப்பாடு

நாலாங்கரிசல் ஊரில் செத்துப்போன பத்துப் பேர் சீனித்தாயின் மகள் கனிஷ்கா வாய்க்குள் குடிவர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஏழேகால் மணிக்கு, சாம்பார் போதவில்லை என்று அவள் கிண்ணத்தை நீட்டிய நேரத்தில். "அம்மா" என்று கூப்பிடத்தான் பிள்ளை வாயைத் திறந்தாள், ஆனால் வந்த குரல் அவளுடையது இல்லை. "அம்மா, செவலை மாட்டுக்குத் தண்ணி வச்சியா?" என்று ஒரு இளவட்டக் குரல் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அன்னமயில் தலையைக்கூட நிமிர்த்தாமல், "வச்சாச்சுடா, வச்சாச்சு, காலங்காத்தால உயிர வாங்காத" என்று பதில் சொல்லிவிட்டு, இன்னும் நாலு காம்பு உருவிய பிறகுதான் கேட்டவன் தன் மகன் மாரிக்கண்ணு என்பதும் அவன் செத்து நாற்பது நாள் ஆகிறது என்பதும் நினைவுக்கு வர, கீரையை அப்படியே போட்டுவிட்டு முள்வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். சேலை கிழிந்தது. கிழிந்தால் கிழியட்டும், பெற்ற வயிறு சேலையையா பார்க்கும்.

நாற்பது நாளுக்கு முந்தி, ஊருக்கு மேற்கே இருந்த பட்டாசு ஆலையில் ஏழாம் நம்பர் கொட்டகை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வெடித்தது. பதினோரு பேர். அவர்களுடைய தூக்குவாளிகள் வேப்பமரக் கிளையில் வரிசையாகத் தொங்கின, இறக்கிச் சாப்பிட ஆள் இல்லை. விசாரிக்க வந்தவர்கள் வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டு ஜீப் ஏறினார்கள். வீட்டுக்கு வந்த பொட்டலங்களை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, பிரித்தால் எது யாருடையது என்று வழக்கு வரும் என்று பயந்து அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பதினோராவது பொட்டலம் சீனித்தாயின் புருஷன் வைரவன்.

வைரவனுக்கு முன்பல் எடுப்பு. மகளுக்கும் அதே பல், அச்சில் வார்த்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளைத் தேங்காய்த்துருவி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிள்ளை சிரிக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயைப் பொத்தப் பழகியிருந்தாள். அதை ஒரு நாள் கவனித்துவிட்ட வைரவன், "இந்தப் பல்லு என்னோட போகட்டும்" என்று சொல்லி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினான். அங்கே பல் டாக்டரம்மா மேல்வரிசையில் பத்துப் பல்லில் பத்து இரும்புப் பொட்டு ஒட்டி, அந்தப் பத்தையும் கோத்து ஒரு கம்பியை ஓட்டி, மாதம் ஒரு தடவை வந்து முறுக்கிக்கொள்ள வேண்டும், ஒன்றரை வருஷத்தில் கழற்றிவிடலாம் என்று சொல்லி, ஒரு தாளையும் கொடுத்தனுப்பினார். தாளில் இரண்டு பத்தி. ஒரு பக்கம் சாப்பிடலாம், மறுபக்கம் சாப்பிடக் கூடாது.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற வைரவன் அந்தத் தாளைத் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸே கேட்கும்படி வாசித்தானாம். இட்லி, இடியாப்பம், தயிர்ச்சோறு, குழைந்த பருப்பு, அவித்த முட்டை, கனிந்த பப்பாளி, பருப்பில் ஊறிய சப்பாத்தி, எலும்பில்லாத கறி, இதெல்லாம் ஆகும். முறுக்கு, சீடை, சேவு, கடலைமிட்டாய், கரும்பு, நெல்லிக்காய், பல்லில் ஒட்டுகிற அல்வா, கடிக்கிற ஐஸ்கட்டி, இதெல்லாம் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் சோற்றுப்பருக்கையைத் தடவி அதை அடுப்படிக் கதவில் ஒட்டினான். பிறகு சீனித்தாயைக் கூப்பிட்டு, தாளில் இல்லாத ஒரு சட்டத்தைத் தானாகப் போட்டான். "இவ்வளவையும் மனப்பாடம் பண்ண முடியுமா, இந்தா, கட்டைவிரலால நசுக்கிப் பாரு. நசுங்குச்சுன்னா பிள்ளைக்கு. நசுங்கலைன்னா எனக்கு."

சீனித்தாய்க்கு வேலை சேவுக்கடையில். காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கிற எண்ணெய்க்கு மேலே கரண்டியில் மாவைத் தேய்த்துக் காராச்சேவு போடுவாள். ஊரெல்லாம் கடக் கடக்கென்று கடிக்க அவள் கை காரணம், வீட்டுக்கு வந்தால் கடிக்கிற சத்தமே கூடாது. ஆனால் அலுத்துக்கொள்ளவில்லை. ஆப்பிளை ஆவியில் வேகவைத்தாள், கொய்யாவை விதை நீக்கிக் கூழாக்கினாள், கேரட்டைத் துருவிப் பாலில் கொதிக்கவைத்தாள், மீனை முள் இல்லாமல் உதிர்த்து உருண்டை பிடித்தாள். ஒவ்வொன்றையும் நசுக்கிப் பார்த்து, நசுங்காததை வைரவன் தட்டில் தள்ளினாள். சேவுக்கடையிலிருந்து டின்னுக்கு அடியில் கிடக்கிற கருகின சேவை மடியில் கட்டிக்கொண்டு வருவாள், அது அவனுக்கு உயிர். மகள் பொறாமையாகப் பார்க்க அவன் வேண்டுமென்றே சத்தமாகக் கடிப்பான். "கம்பியக் கழட்டுற அன்னைக்கு உனக்கு ஒரு படி" என்பான். கம்பி மாட்டிப் பதினோரு வாரத்தில் கொட்டகை வெடித்தது.

சரி, குடிவந்தவர்கள் கதைக்கு வருவோம். மாரிக்கண்ணு வந்த மறுநாள் தபால்காரர் மகள் வந்தாள், அதற்கடுத்து ராமுத்தாயின் புருஷன் குருசாமி வந்தான், இப்படிப் பத்து நாளுக்குள் பத்துப் பேரும் ஆளுக்கொரு பொட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளை வாயைத் திறந்தால் பேசினார்கள், மூடினால் கதவைச் சாத்தியதுபோல் அடங்கினார்கள். ஊர் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்செட்டில் தண்ணீர் வந்தால் குடம் எடுத்துக்கொண்டு போவதுபோல, வந்தது வந்துவிட்டது, இனி வரிசையை ஒழுங்குபண்ண வேண்டியதுதான் என்று, ரேஷன் கடை முற்றத்தில் கூடி முறை வைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரை, வீட்டுக்கு ஒரு கால்மணி. கனிஷ்கா முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்துகொள்வாள், எதிரே அன்றைய முறைக்காரர்கள்.

செத்தவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. என் பச்சைச் சட்டையைத் தம்பிக்குக் கொடு என்றார்கள், வாசலில் கோலம் ஏன் கோணலாக இருக்கிறது என்றார்கள், மழை உண்டா என்று கேட்டார்கள். கொட்டகையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அங்க வெயிலு ஜாஸ்தி" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்கள். பசி அவர்களுக்கு இல்லை, ருசி மட்டும் இருந்தது. பிள்ளை சாப்பிட்டது அவர்களுக்கும் எட்டியது. "இன்னைக்கு என்ன, பூசணிக்காயா?" என்று கேட்டு மாரிக்கண்ணு முனகுவான், அன்னமயில் சிரித்துச் சிரித்து அழுவாள்.

பேசுகிறவனுக்கு யாராவது மாதச் சடங்கு செய்வார்களா? செய்யவில்லை. போட்டோவுக்குப் போட்ட மாலையைக் கழற்றினார்கள். ராமுத்தாய் அழித்த பொட்டை மறுபடி வைத்துக்கொண்டாள், ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் ஒப்பாரி பாதியில் நின்றுபோனது. வைத்த சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போனதுபோல அந்த அழுகை பத்து வீட்டிலும் அப்படியே கிடந்தது.

ஆள் பதினொன்று, பொட்டு பத்து. வைரவன் வரவில்லை.

சீனித்தாய் முதலில் பொறுத்தாள். அடுத்த முறுக்கலுக்கு வருவான் என்று நினைத்தாள், வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. டவுனுக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் இன்னும் ஒரு பொட்டு ஒட்டச் சொல்லிக் கேட்டாள். "அதுக்கு மேல கடவாய்ப் பல்தாம்மா, அது நேராத்தானே இருக்கு, எதுக்கு?" என்றார் டாக்டரம்மா. எதுக்கு என்று எப்படிச் சொல்வாள். தினமும் ஊரார் எழுந்து போனபிறகு, மகளுக்கு எதிரே தான் உட்கார்ந்து, "அப்பா வந்தாராடி?" என்று கேட்பாள். கனிஷ்கா உதட்டை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். இல்லை.

"இருக்கும்போதும் உன் புருஷன் பிந்தித்தான் வருவான், பொறு சீனி" என்று அன்னமயில் ஆறுதல் சொன்னாள். மகன் தினமும் பேசுகிறவளுக்கு ஆறுதல் சொல்ல என்ன கஷ்டம். சீனித்தாய் எண்ணெய்ச்சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு மனசுக்குள் புருஷனை வைதாள். ஊரான் வீட்டு ஆம்பிளையெல்லாம் என் பிள்ளை வாயில் வந்து கதை பேசுறான், பெத்தவன் உனக்கு என்னய்யா வந்தது?

இதற்கிடையில்தான் நெல்லிக்காய் விஷயம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு தோழி உப்புப் போட்ட நெல்லிக்காய் ஒன்றை நீட்ட, ஆறு மாதமாகக் கடிக்காத பிள்ளை அதை வாங்கி ஒரே ஒரு கடி கடித்தாள். நாலாவது பொட்டு கழன்று கையில் விழுந்தது. அது குருசாமியின் பொட்டு. டவுனுக்கு ஓடி ஒட்டிக்கொண்டு வந்தார்கள், டாக்டரம்மா ஐந்து நிமிஷத்தில் ஒட்டிவிட்டார், ஆனால் குருசாமி திரும்பவில்லை. ராமுத்தாய் மூன்று நாள் சீனித்தாய் வீட்டு வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தாள், திட்டவில்லை, அழவில்லை. நாலாம் நாள் எழுந்து, தன் நெற்றிப்பொட்டை அந்த நிலைப்படியில் தேய்த்து அழித்துவிட்டுப் போனாள். அந்தச் சிவப்பை எத்தனை தடவை கழுவினாலும் நிலைப்படியை விட்டுப் போகவில்லை.

அதோடு ஊருக்குக் கிலி பிடித்துவிட்டது. அடுப்படிக் கதவில் இருந்த தாளை உரித்து நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கோயில் மதிலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டினார்கள். ஊர் எல்லைக்குள் கடிக்கிற பண்டம் எதுவும் வரக்கூடாது என்று கட்டுப்பாடு. சேவுக்கடை ஊருக்கு வெளியே பாலத்தடிக்குப் போனது, சீனித்தாய் வீட்டுக்கு வருமுன் சேலை முந்தானையை மூன்று தடவை உதற வேண்டும். பொங்கலுக்குக் கரும்பு இல்லை. கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை இல்லாமல் பாயசம் மட்டும் வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை பஸ்ஸில் வாங்கிய கடலைமிட்டாயைச் சட்டைப்பையில் வைத்திருந்ததற்காக அவனை மாமனார் வீட்டு வாசலிலேயே நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், நாலாங்கரிசல் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது.

பிள்ளையின் சாப்பாடு தாயின் கையை விட்டுப் போனதும் அப்போதுதான். வீட்டுக்கு ஒருநாள் என்று முறை போட்டுக் கிண்ணத்தோடு வந்தார்கள், வாசலில் நின்று நசுக்கிப் பார்க்கிற வேலையை அன்னமயில் எடுத்துக்கொண்டாள். அவள் கட்டைவிரல் வைரவன் சொன்ன கட்டைவிரல் இல்லை. அது பயந்த கட்டைவிரல். முதல் வாரம் சப்பாத்தியைத் திருப்பி அனுப்பினாள்.

"அத்த, சப்பாத்தி தாள்ல இருக்கு" என்று பல்லைத் திறக்காமல் சொன்னாள் கனிஷ்கா.

"இருந்தா? ஓரம் முறுகியிருக்கு பாரு."

"முட்ட?"

"மஞ்சக்கரு பல்லிடுக்குல ஒட்டும் கண்ணு. நீ வாய மூடு, பேசிப்பேசிக் கம்பி தேயும்."

அப்புறம் இடியாப்பம் நின்றது, பருக்கை நின்றது, கடைசியில் ரவைக்கஞ்சியும் மசித்த வாழைப்பழமும் வடிகட்டிய பருப்புத்தண்ணீரும் மட்டும் உள்ளே போயின. மெல்லுகிற எதுவும் ஆகாது என்று ஊர் தன்பாட்டுக்கு மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்த்துக்கொண்டது, தாளில் அது எங்கேயும் இல்லை. ஒவ்வொரு வீடும் தன் கிண்ணம்தான் அதிகம் குழைந்தது என்று பெருமையடித்துக்கொண்டது. அன்போடுதான் செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. அன்போடு ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டார்கள்.

கனிஷ்காவின் சீருடைப் பாவாடையை இடுப்பில் ஊக்குக் குத்தி நிறுத்த வேண்டியதாயிற்று, பிறகு அந்த ஊக்குக்குப் பக்கத்தில் இன்னொரு ஊக்கு. காலைப் பிரார்த்தனையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். அவள் சொந்தக் குரலைக் கேட்டே நாளாகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் சொம்பைக் காட்டுவாள், தலை வலித்தால் நெற்றியைத் தொடுவாள். பதினைந்து வயசுப் பிள்ளை, சிரிக்காமல் இருந்ததால் பல் நேரானதை ஒருத்தரும் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா பார்த்தார். ஊர்க்காரர் இரண்டு பேர் காவலுக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உள்ளே பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? நான் சாப்பிடலாம்னு எழுதுனதையே நீங்க குடுக்கலயே" என்று சத்தம் போட்டார். பல் நேராகிவிட்டது, கம்பியின் வேலை முடிந்தது, இதற்குமேல் இழுத்தால் வேர் கரைந்து பல் ஆடும், அடுத்த வாரமே கழற்றிவிடலாம் என்றார்.

சீனித்தாய் அதை ஊரில் சொன்னாள். ரேஷன் கடை முற்றத்தில் அத்தனை பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். "எங்க பிள்ளைகளை மறுபடியும் கொல்லப்போறியா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். "ஒரே ஒரு வருஷம் பொறு சீனி, உன் கால்ல விழுறேன்" என்று அன்னமயில் உண்மையிலேயே விழுந்தாள். சீனித்தாய் அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

பிறகு, "கழட்ட வேண்டாம்" என்றாள்.

ஊர் மிரட்டியதால் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் சிலர் நல்லவிதமாகச் சொன்னார்கள். பொய். ஊரோடு மல்லுக்கட்டுவது அவளுக்குப் புதிதில்லை, நினைத்திருந்தால் முதல் பஸ்ஸில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். வைரவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் காரணம். அவன் வராமல் கம்பியை விட அவளுக்கு மனசில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் மகள் அவளை ஒரு பார்வை பார்த்தாள், கோபமில்லாத பார்வை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

வருஷம் திரும்பியது. கொட்டகை வெடித்த நாள் வந்தது. பத்து வீட்டில் பேசுகிறவர்களுக்குத் திவசம் எதற்கு என்று அதை மறந்ததுபோல் இருந்தார்கள், ஒன்பது பேர்தான் பேசுகிறார்கள் என்பதையும் ராமுத்தாயின் முன்னால் மறந்ததுபோல் இருந்தார்கள். சீனித்தாய் மட்டும், "வராதவனுக்குப் படையலாவது போடுறேன்" என்றாள். படையல் என்றால் செத்தவனுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். வைரவனுக்குப் பிடித்தது காராச்சேவு.

"யாத்தே, சேவா? வீட்டுக்குள்ளயா?" என்று அன்னமயில் நெஞ்சில் கை வைத்தாள்.

"அவரு இலைக்குத்தான் மதினி. பிள்ள தொடமாட்டா."

"ரவைக்கஞ்சி வையேன். அவுக கோவிச்சுக்கவா போறாக?"

"ஒரு வருஷமா வாயே தெறக்கலியே, இதுக்கு மேல என்னத்தக் கோவிக்க" என்றாள் சீனித்தாய். பாவம், அன்னமயிலும் கல்நெஞ்சக்காரி இல்லை. அன்றைய கிண்ணத்தை ஆற்றி எடுத்துக்கொண்டு படையல் முடிந்ததும் வருவதாகச் சொல்லி வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

உச்சிவெயில். சீனித்தாய் பாலத்தடியில் தன் கையால் போட்ட சேவை, கொஞ்சம் கருகவிட்டு எடுத்ததை, மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வைரவன் போட்டோவுக்கு முன்னால் வாழையிலை விரித்து, சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, மூலையில் சேவைக் கொட்டினாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் சேவு விழுந்த சத்தம் கேட்டது. சாம்பிராணி போட்டாள். வழக்கப்படி கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, செத்தவன் வந்து ருசி பார்க்க நேரம் விட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். கனிஷ்கா சுவரோடு சாய்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வழிந்தது, வாயிலும் தண்ணீர் ஊறி வழிந்தது, இரண்டையும் துடைக்கவில்லை.

"அம்மா" என்றாள். பல்லைத் திறக்காமலே வந்த சொந்தக் குரல். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவுபோல் கரகரத்தது.

சீனித்தாய் திரும்பினாள்.

"அப்பா தெனமும்தாம்மா பேசுறாரு."

சீனித்தாய் எழுந்துவிட்டாள். "என்னடி சொல்ற? எந்தப் பொட்டுல?"

"பொட்டுல இல்ல. கம்பியில இருக்காரு. எல்லாருக்கும் ஊடால ஓடிக்கிட்டே இருக்காரு. மொத நாள்ல இருந்து."

"அப்புறம் ஏன்டி… தெனமும் கேட்டேனே… இல்லன்னு தலைய ஆட்டுனியேடி பாவி!"

"மத்தவங்க பேசுறப்ப அவரு சத்தம் கேக்காது, நீ தனியா இருக்கும்போது வாய தெறந்தா வெளிய வந்துருவாரும்மா. அதான் இறுக்கிக்கிட்டேன்." பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவரு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. கம்பியக் கழட்டிப் போட்டுட்டுக் கடிச்சுச் சாப்பிடு தாயின்னு. தெனமும் அதேதான். அது வெளிய கேட்டா, அன்னமயில் அத்த என்ன பண்ணுவாங்க? ராமுத்தாய் அத்தையப் பாத்தேல்ல. அந்த மாதிரி இன்னும் ஒம்பது பேரு நம்ம வாசல்ல வந்து படுக்கணுமா?"

சீனித்தாய் நெற்றியில் அடித்துக்கொண்டாள், ஓங்கி, நாலு தடவை. ஊருக்காகப் பிள்ளையைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்தார்கள், பூட்டின் சாவியை உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளையேதான். ஒன்பது வீட்டுத் துக்கத்தையும் பதினைந்து வயசில் பல்லைக் கடித்துத் தாங்கியிருக்கிறாள், வெறும் கஞ்சிமேல்.

"கேக்கியாம்மா?" என்றாள் கனிஷ்கா. "ஒரு தடவ. நீ மட்டும் கேளு. அத்தைக்குக் கேக்காம மெதுவாத் தெறக்குறேன்."

சீனித்தாய் மகளின் முன்னால் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தாள், எத்தனை சேவு தேய்க்கும்போது இந்தக் குரலைக் காதுக்குள் தேடினாள். ஒரு தடவை கேட்டால் போதும் என்றுதான் அப்போதும் நினைத்தாள். அன்னமயிலும் முதல் நாள் முள்வேலியைத் தாண்டும்போது அப்படித்தான் நினைத்திருப்பாள், ஒரு தடவை போதும் என்று. இந்த ஊரில் யாருக்கு ஒரு தடவை போதுமானதாக இருந்தது? இன்று கேட்டால் நாளைக்கும் கேட்பாள். நாளைக்குக் கேட்க வேண்டும் என்றால் கம்பி இருக்க வேண்டும். கம்பி இருக்க வேண்டும் என்றால், அன்னமயிலுக்கு முந்தி இவளே வாசலில் நின்று ரவைக்கஞ்சியை நசுக்கிப் பார்ப்பாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

கனிஷ்கா வாயைத் திறந்தாள். ஒன்பது பேரும் அன்று ஏனோ அடங்கியிருந்தார்கள். உள்ளே எங்கோ, பேச்சு எடுக்குமுன் வைரவன் எப்போதும் செருமுவானே, அந்தச் செருமல் கேட்டது.

சீனித்தாய் இலையிலிருந்து ஒரு சேவை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. இன்னும் அழுத்தினாள், விரல்தான் வலித்தது. நசுங்கலைன்னா எனக்கு என்றவன் பங்கு அது. "உன் பங்க நான் எடுத்துக்கிறேன்யா, பிள்ளைக்குக் குடுக்குறேன்" என்று சொல்லி, அவன் முதல் வார்த்தை நாக்குக்கு வருமுன், அந்தச் சேவை மகளின் இரு பல்வரிசைக்கும் நடுவே வைத்து, தாடையைக் கீழிருந்து உள்ளங்கையால் தாங்கினாள்.

"கடி" என்றாள்.

கனிஷ்கா அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு கடித்தாள்.

அந்தச் சத்தம் நாலாங்கரிசல் முழுக்கக் கேட்டது. பல மாதமாக எந்தப் பல்லும் எதையும் கடிக்காத ஊர், கேட்காமல் என்ன செய்யும். கம்பி நடுவில் அறுந்தது. பத்துப் பொட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று வாழையிலையில் விழுந்தன, அரிசியில் கல் பொறுக்கிப் போட்டதுபோல. சீனித்தாய் எண்ணவில்லை, ஆனால் பத்தாவது விழுந்ததும் தெரிந்தது. செருமல் நின்றுவிட்டது.

கதவு திறந்தது. அன்னமயில் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். இலையைப் பார்த்தாள், பொட்டுகளைப் பார்த்தாள், அதில் எது தன் மகனுடையது என்று தேடினாள், எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. சீனித்தாய் எழுந்திருக்கவில்லை. அடிப்பாளோ, வைவாளோ, வாசலில் விழுந்து கிடப்பாளோ, எதுவானாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அப்படியே இருந்தாள். அன்னமயில் கிண்ணத்தைச் சுவரோரமாக, கொட்டாமல், பதமாக இறக்கி வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய்க் கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்கு முன்னால் பாதியில் விட்ட ஒப்பாரியை விட்ட வரியிலிருந்து எடுத்தாள். அதைக் கேட்டு அடுத்த வீட்டில் ஒருத்தி எடுத்தாள். அதைக் கேட்டு மேலத்தெருவில் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் பத்து வீட்டிலும் அழுகை. ராமுத்தாய் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் தெருவில் நின்று, பிறகு நேரே அன்னமயிலிடம் வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் சீனித்தாயோடு அந்த ஊரில் நிறைய நாள் யாரும் பேசவில்லை. சில வீடுகள் இன்றுவரை பேசுவதில்லை.

ஆனால் அன்று மத்தியானம், பதினோராவது வீட்டிலும் அழுகை வந்தது. சீனித்தாய் புருஷன் போட்டோவைப் பார்த்து, மாரில் அடித்து, "ஒரு வார்த்த கேக்கலியே, என் ராசா, ஒரு வார்த்த கேக்கலியே" என்று அழுதாள். கனிஷ்கா உதட்டில் கம்பி கீறிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஊரே அழுதுகொண்டிருக்க அவள் மென்றுகொண்டிருந்தாள். மெதுவாக, ஆடுகிற பல்லுக்கு வலிக்காமல், ஒரு கடவாயிலிருந்து மறு கடவாய்க்கு மாற்றி மாற்றி, கடைசித் தூள்வரை மென்று விழுங்கினாள்.

பிறகு கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடும்மா."